துருவின் மேல் தகடு வேண்டாம்

செஞ்சியிலுள்ள என் நண்பர் ஒருவரிடம் பழைய ஜீப் வகைப் பிக்கப் வண்டி ஒன்று உள்ளது. மரக்காணம் உப்பளங்களிலிருந்து திண்டிவனம் வழியாக உப்பு மூட்டைகளைச் சுமந்து உழைத்த வண்டி அது. அதைப் புதுப்பிக்க எண்ணி, ஓட்டுநர் காலடியிலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினார். தரை தெரிந்தது. வண்டியின் தரையன்று, சாலையின் தரை!

சில ஆண்டுகளுக்கு முன்புதான் அங்கே புதுத் தகடு போட்டிருந்தார்கள். ஆனால் துருப்பிடித்த பழைய தகட்டை வெட்டவில்லை. அதன் மேலேயே புதியதை வைத்து, ஓரங்களில் ஆங்காங்கே பற்றவைத்து, தார் பூசிவிட்டார்கள். "காற்றுப் படாமல் மூடிய பிறகும் எப்படித் துருப்பிடிக்கும்?" என்று நண்பர் கேட்டார்.

மாணவ நண்பர்களே, நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். விடையை ஒரு சொட்டு உப்பு நீரில் காணலாம். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மீது அதை வைத்துச் சில மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதில் கிடைக்கும்; நடுவில் கிடைக்காது. ஆனால் அரிக்கப்படுவது நடுப்பகுதிதான்! கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி இவான்ஸ் 1920-களில் இதை விளக்கிக் காட்டினார். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி, ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் அதனுடனும் நீருடனும் சேர்கின்றன. உப்பு, நீரின் மின்கடத்தும் திறனைக் கூட்டி இவ்வேலையை விரைவாக்குகிறது.

இரண்டு தகடுகளுக்கு இடையிலுள்ள இடுக்கிலும் இதுவே நடக்கிறது. நுண்புழைக் குழாயில் நீர் ஏறுவதைப் படித்திருப்பீர்கள். அதே விசையால் மழைநீர் இடுக்கில் நுழைகிறது, எளிதில் உலர்வதில்லை. உருவாகும் துருவோ, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து நெம்பி, பற்றுகளையே பிய்த்துவிடும். ஆக, மேலே போட்ட தகடு துருவை நிறுத்தவில்லை, மறைத்து வளர்த்தது.

எனவே, பழுதான பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்துவிட்டே புதுத் தகடு பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புதுத் தகடும் வெறும் தட்டையாக இருந்தால் போதாது. 18 கேஜ் தகட்டின் கனம் சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். ஒரு தாளை இரு புத்தகங்களுக்கு இடையே பாலமாக வையுங்கள்; தொய்யும். அதையே விசிறிபோல் மடித்து வையுங்கள். ஒரு பேனாவைத் தாங்கும். தரைத் தகட்டில் வரிவரியாக மேடு பள்ளம் இருப்பது இதற்காகத்தான். ஜீப்பிற்கு இவ்வாறு அழுத்திய தகடுகள் கடையில் கிடைக்கின்றன. வண்டலூரில் முன்பு தயாரான ஸ்டாண்டர்டு 20 போன்ற வண்டிகளுக்கு டிங்கர் வேலை செய்பவரே சுத்தியலால் தட்டி உருவாக்க வேண்டியிருக்கும். அவர் கையில் இருப்பதும் இயற்பியல்தான்.

நல்ல டிங்கர் ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைக்க மாட்டார். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆறவிட்டு வைப்பார். ஒரு மீட்டர் எஃகு 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். அவசரப்பட்டால் தகடு கோணிவிடும். பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோவதால், அங்கே துத்தநாகத் தூள் கலந்த பிரைமரைப் பூசுவதும் அவசியம்.

இதற்கெல்லாம் கூலி கூடும், வண்டி பல நாள் நிற்கும் என்பார்கள். உண்மைதான். சரக்கு ஏற்றிப் பிழைப்பவருக்கு ஒரு நாள் வருமானமும் பெரிதே. ஆனால் பல வண்டிகளில் இருக்கை அந்தத் தகட்டில்தான் முடுக்கப்பட்டிருக்கிறது. அது விட்டுப்போனால் இழப்பு கூலியோடு நிற்காது.

எங்கள் செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய பழங்கட்டடங்களைச் செப்பனிடும் முறை என்ன? உளுத்த காரையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுக் காரையைப் பூசுவார்கள். கோட்டைக்கு உரிய நியாயம் வண்டிக்கும் உண்டல்லவா?

உங்கள் வீட்டு வண்டி பட்டறைக்குப் போனால், பெயின்ட் அடிக்கும் முன் நீங்களும் கூடப் போங்கள். "பழையதை வெட்டி எடுத்தாயிற்றா, அண்ணே?" என்று பணிவாகக் கேளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.