டேம்பரை மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க

மாசி மாசக் கடைசி. குண்டு மிளகாய் மூணாவது பறிப்பு முடிஞ்சு, பழம் பறிக்க வந்த பதினோரு பொம்பளைங்களை அவங்க ஊர்ல விடப் பிக்கப்ல ஏத்திட்டுக் கிளம்பினேன். கண்மாய்க்கரையை விட்டு ரோட்டுல ஏறி அம்பதைத் தொட்டிருப்பேன். சின்னப் பாலத்துக்கிட்ட ஒரு பள்ளம். முன் சக்கரம் இறங்கி ஏறுன உடனே ஸ்டீயரிங் என் கையை உதற ஆரம்பிச்சுது. லேசான நடுக்கம் இல்ல. பானட்டு, கண்ணாடி, உக்காந்திருந்த சீட்டு எல்லாம் சேர்ந்து ஆடுது. பிரேக்கை மிதிக்காம ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்து, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சேன். வேகம் இருபதுக்கு வந்த பிறகுதான் ஆட்டம் நின்னுச்சு.

பின்னால இருந்து வயசான ஒரு அக்கா கேட்டாங்க: "ஏந்தம்பி, ரோடு ஆடுதா, வண்டி ஆடுதா?"

"ரோடு சரியில்லக்கா"ன்னு சொன்னேன். அது பொய். அந்தப் பொய் உறுத்துனதாலதான் இதை எழுதுறேன்.

என் வண்டி பழைய ஜீப் வகை பிக்கப். நாலு சக்கரமும் இழுக்கும். முன்னாடி முழு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங். தனுஷ்கோடி மணல்ல மீன் லோடு அடிச்சுக்கிட்டிருந்த வண்டி. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்த பிறகு அங்க மணல் வண்டிகளுக்கு வேலை குறைஞ்சுது. அப்போ வாங்குனேன். மழைக் காலத்துல கரிசச் சேத்துக்குள்ள இறங்கி மூட்டையோட வெளிய வர்றதுக்கு இதை விட்டா நமக்கு வேற வண்டி கிடையாது. அதனால விக்கிற எண்ணம் இல்ல.

மறுநாள் காலையில பக்கத்து ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் தம்பி குனிஞ்சு பாத்த உடனே சொல்லிட்டார்: "அண்ணே, ஸ்டீயரிங் டேம்பர் போயிருச்சு. புதுசு போட்டா சரியாயிரும்." மதுரையில இருந்து டேம்பர் வரவழைச்சோம். ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அரை மணி நேர வேலை. ஓட்டிப் பாத்தேன். வண்டி பட்டு மாதிரி போச்சு. எனக்கும் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம்.

மூணு வாரம் கழிச்சு ராமேஸ்வரத்துக்கு வைக்கோல் ஏத்திட்டுப் போனேன். பாம்பன் ரோட்டுப் பாலம் 1988-ல திறந்தது, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். அதோட இரும்பு இணைப்புல ஏறி இறங்கும்போது சக்கரம் தடதடன்னு அடி வாங்கும்னு ஓட்டுனவங்களுக்குத் தெரியும். அன்னைக்கு தெக்குக் காத்து வேற. ரெண்டாவது இணைப்புலயே பழைய ஆட்டம் திரும்ப வந்துச்சு. இந்தத் தடவை முன்னைவிட மோசம். இடது பக்கம் கைப்பிடிச் சுவர், அதுக்குக் கீழ கடல். எதிர்ல டூரிஸ்ட் பஸ். எப்படியோ வேகத்தைக் குறைச்சு ஊர்ந்து தாண்டி, அந்தப் பக்கம் ஓரங்கட்டி இறங்குனா என் கால் நடுங்குது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். டேம்பருங்கிறது எண்ணெய் நிரப்புன ஒரு குழாய். ஒரு முனை ஆக்சில்லயோ சேஸிஸ்லயோ இருக்கும். மறு முனை ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடுல இருக்கும். நாம மெதுவா ஸ்டீயரிங்கைத் திருப்புனா அது விட்டுக் கொடுக்கும். சக்கரம் கல்லுல அடிபட்டுப் படக்குன்னு திரும்பப் பாத்தா, உள்ள இருக்குற எண்ணெய் சின்ன ஓட்டை வழியா போக முடியாம எதிர்த்து நிக்கும். அதோட வேலை அவ்வளவுதான். சக்கரத்தை நேரா நிறுத்துறது அது கிடையாது. அதைச் செய்யறது டை ராடு எண்டு, டிராக் லிங்க், கிங் பின், வீல் பேரிங் இதெல்லாம். இதுல ஒண்ணு தேஞ்சு லொடலொடன்னு ஆனா ஆட்டம் வரும். புது டேம்பர் போட்டா அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நாளைக்கு அது அமுக்கி வைக்கும். தேய்மானம் உள்ள நடந்துக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. பல்வலிக்கு கிராம்புத் தைலம் வைக்கிற கதைதான். வலி போயிரும், சொத்தை போகாது.

ராமநாதபுரத்துல வயசான ஒரு மெக்கானிக்கிட்ட வண்டியை விட்டேன். அவர் முதல்ல டேம்பரைக் கழட்டி ஓரமா வச்சுட்டார். "இது இருந்தா எங்க ஆடுதுன்னே தெரியாது"ன்னார். என்னை ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டச் சொல்லிட்டு அவர் அடியில படுத்துக்கிட்டார். டிராக் லிங்க் முனையில பந்து தனியா, தண்டு தனியா அசையுது. அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில ஏத்தி, சக்கரத்தோட மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுனார். டொக் டொக்குன்னு சத்தம். கிங் பின் கீழ் பேரிங்கைக் கழட்டுனா, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்துல துருப்பொடி இருந்துச்சு. தனுஷ்கோடி உப்பு தின்னு வச்சது. மொத்தச் செலவு எட்டாயிரம் சொச்சம்.

சிலர் கேப்பீங்க: அமெரிக்காவுல புது ஜீப்புக்கே இந்த ஆட்டம் வந்து, 2019-ல கம்பெனியே வேற டேம்பர் மாத்திக் கொடுத்துச்சே, அப்போ டேம்பர்தான மருந்து? அங்க இதுக்கு 'டெத் வாபிள்'னே பேரு. நியாயமான கேள்விதான். ஆனா அது எல்லா ஜாயிண்டும் இறுக்கமா இருக்குற புது வண்டி. இருபது வருஷம் உப்புக் காத்துல நின்ன நம்ம வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

அதுக்காக டேம்பர் வேண்டாம்னு சொல்லல. கடலோரத்துல அது சீக்கிரம் போகத்தான் செய்யும். அதோட தண்டுல உப்பு பட்டுத் துருப்புள்ளி வரும். அந்தப் புள்ளி சீலை அறுக்கும், எண்ணெய் கசியும். ஒரு முனையைக் கழட்டி, கையால இழுத்துத் தள்ளிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இறுக்கமா வரணும். நடுவுல காத்து மாதிரி பொசுக்குன்னு போனா அது செத்துப் போச்சு. மாத்திடுங்க. ஆனா அதைக் கடைசியா மாத்துங்க. நான் இப்போ பாக்குற வரிசை இது:

முதல்ல டயர் காத்து. மணல்லயும் சேத்துலயும் போறதுக்காகக் குறைச்சிருப்போம், ரோட்டுல ஏறுனதும் திரும்ப அடிக்க மறந்திருப்போம். அடுத்து ரிம்முக்கு உள்பக்கம். கரிச மண்ணு ஒரு பக்கமா ஒட்டிக் காஞ்சிருந்தாலே சக்கரம் எடை மாறி ஆடும். கழுவிவிட்டாலே சில நேரம் சரியாயிரும், காசே ஆகாது. அப்புறம் வீல் பேரிங், கிங் பின். அப்புறம் டை ராடு எண்டு, டிராக் லிங்க். அப்புறம் ஸ்டீயரிங் பாக்ஸை சேஸிஸ்ல பிடிச்சிருக்குற போல்ட்டு, லீஃப் ஸ்பிரிங் புஷ், யூ போல்ட்டு. இதெல்லாம் சரியா இருந்தா வீல் பேலன்சும் அலைன்மென்ட்டும். அதுக்கப்புறம்தான் டேம்பர்.

மாட்டும்போது மூணு விஷயம். துருப்பிடிச்ச நட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைங்க. மரை மேல சுத்தியலால அடிக்காதீங்க. சாதா ஷாக் அப்சார்பரை டேம்பருக்குப் பதிலா கட்டிவிடுற ஆளுங்க இருக்காங்க, விடாதீங்க. அது அமுங்கும்போது ஒரு மாதிரியும் விரியும்போது ஒரு மாதிரியும் எதிர்க்கும். ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. மாட்டி முடிச்ச பிறகு ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. டேம்பர் எந்தப் பக்கமும் முட்டி நிக்கக் கூடாது.

இதுல மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். "சீக்கிரம் முடிச்சுக் கொடு, லோடு நிக்குது"ன்னு அவசரப்படுத்துனது நான். சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டிட்டா வருஷா வருஷம் எஃப்சி. நாம என்ன பண்றோம்? பெயிண்ட் அடிக்கிறோம், ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுறோம், லைட்டைச் சரி பண்றோம். அந்தச் செலவுல பாதியை முன் ஆக்சிலுக்குக் கீழ செலவழிச்சா போதும். வருஷத்துல ஒரு நாள், உழவுக்கு முன்னால ஆடி மாசத்துல, ஒரு கோணியை விரிச்சு நாமளே வண்டிக்கு அடியில படுக்கணும். மாட்டுக்கு லாடம் தேஞ்சிருக்கான்னு காலைத் தூக்கிப் பாத்தவங்கதான நம்ம அப்பா தாத்தா?

கடைசியா ஒண்ணு. சரக்கு வண்டியில ஆளுங்களை ஏத்தக் கூடாதுங்கிறது சட்டம். எனக்கும் தெரியும், படிக்கிற உங்களுக்கும் தெரியும். பறிப்பு முடியற நேரத்துக்கு பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ வராதுன்னு நாம காரணம் சொல்லிக்கிறோம். காரணம் உண்மைதான். ஆனா அன்னைக்கு சாயங்காலம் ஆட்டம் நிக்காம இருந்திருந்தா, அந்தக் காரணத்தை அவங்க வீட்டுல போய்ச் சொல்ல முடியுமா? 2023-ல நம்ம குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். அந்தப் பழத்தை ஒண்ணொண்ணா கிள்ளி எடுக்குறவங்க வீடு போய்ச் சேர்றது அந்தப் பெருமைக்குள்ள வராதா?

அடுத்த பறிப்புல இருந்து ஆட்டோ பேசி விட்டுட்டேன். ரெண்டு நடை. ஒரு நாளைக்குக் கூடுதலா அறுநூறு ரூபா ஆகுது. மிளகாய் விலை இறங்குற வருஷம் இது பாரமாத்தான் இருக்கும். இருந்தாலும் தொடரப் போறேன். அந்த அக்காகிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன்: "அன்னைக்கு ஆடுனது ரோடு இல்லக்கா, வண்டிதான்." சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு அப்பவே தெரியும் தம்பி. பயந்திருவாங்கன்னுதான் மத்தவங்ககிட்ட சொல்லல."