அம்மாவின் கெட்டிலைக் கப்பல்காரன் பிடுங்கியது சரியா?

போன டிசம்பரில் குடும்பத்தோடு கப்பலில் போய் வந்தோம். மும்பையில் கிளம்பி, கோவாவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிற மூன்று நாள் பயணம். "எழுபது வயசாச்சு, திருச்செந்தூர்ல கரையில நின்னு கடலைப் பார்த்ததோட சரி" என்று அம்மா ஒருநாள் சொன்னதுதான் காரணம். ஊரிலிருந்து வரவழைத்துவிட்டேன்.

மான்குர்த்தில் ஹார்பர் லைன் லோக்கலைப் பிடித்து சிஎஸ்எம்டி, அங்கிருந்து டாக்சியில் பல்லார்ட் பியர். மூட்டை முடிச்சோடு லோக்கலில் ஏறவேண்டாம் என்று தங்கமணி சொன்னதை நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் தப்பித்தேன்.

வில்லங்கம் பெட்டியைச் சோதனை போடுகிற இடத்தில் வந்தது. அம்மாவின் பையிலிருந்து ஒரு கெட்டில், என் பெட்டியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தங்கமணி பெட்டியிலிருந்து குட்டி அயர்ன் பாக்ஸ். மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "இது உள்ளே போகாது. திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு ரசீதைக் கையில் கொடுத்தார்கள். அம்மாவின் நெபுலைசரை மட்டும் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஏதோ கடத்தல்காரனைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள்.

"ஏல, வெந்நி வைக்கதுக்குக்கூட விடமாட்டானா இவன்?" என்றாள் அம்மா.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மாட்டுங்காக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நம்ம ஆள்தான். அவரிடமும் கெட்டிலைப் பிடுங்கிவிட்டார்களாம். "கரண்டை மிச்சம் பண்றான் சார். இல்லேன்னா நாம அவன்கிட்ட காபி வாங்கிக் குடிக்கணுமாம். காசு கொடுத்துத்தானே வர்றோம்?" என்று பொரிந்து தள்ளினார். மேஜையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அம்மாவும்தான்.

பத்தொன்பது வருஷமாக எனக்குச் சோறு போடுவது மின்சாரம். தொழிற்சாலைகளில் வயரிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஆனாலும் அன்று வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்: கப்பல்காரன் செய்தது சரி. ஆனால் செய்த விதம் தப்பு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கரண்டை மிச்சம் பிடிக்கிற கதை. கப்பல் தனக்கு வேண்டிய கரண்டைத் தானே ஜெனரேட்டர் வைத்து உண்டாக்கிக்கொள்கிறது. ஏசி, சமையற்கட்டு, லிஃப்ட், விளக்கு என்று மெகாவாட் கணக்கில் ஓடுகிற இடத்தில் உங்கள் 1500 வாட் கெட்டில் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவன் பயப்படுவது பில்லுக்கு இல்லை, தீக்கு.

நம் வீட்டில் தீப்பிடித்தால் என்ன செய்வோம்? மாடிப்படியில் இறங்கி ஓடுவோம், 101-ஐக் கூப்பிடுவோம். நடுக்கடலில் எங்கே இறங்குவது, யாரைக் கூப்பிடுவது? அங்கே தீயணைப்புப் படையும் கப்பல் ஊழியர்கள்தான், ஆஸ்பத்திரியும் கப்பலுக்குள்தான். 1934-ல் மாரோ காஸில் என்ற பயணிக் கப்பல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி கரைக்குப் பக்கத்திலேயே எரிந்தது. கரை அவ்வளவு கிட்டே இருந்தும் 137 பேர் செத்துப்போனார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். பல்லார்ட் பியருக்குக் கொஞ்சம் வடக்கே விக்டோரியா டாக்கில், 1944 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் ஸ்டைகின் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே பருத்திப் பொதியும் வெடிமருந்தும். அதையும் கெட்டிலையும் ஒன்றாகச் சொல்வது அநியாயம்தான், தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கப்பல் கடலில் இல்லை, துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே நின்றன. அப்படியும் அணைக்க முடியாமல் வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. இன்றும் இந்தியா முழுக்க ஏப்ரல் 14-ஐத் தீயணைப்போர் நினைவு நாளாக வைத்திருப்பது அவர்களுக்காகத்தான். கப்பலின் வயிற்றுக்குள் தீ பிடித்தால் அணைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மும்பைக்காரனுக்கு வேறு பாடம் வேண்டாம்.

இன்னொரு விஷயம், தொழில் சம்பந்தப்பட்டது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு பிளக்கில் ஒரு ஓட்டை ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். டெஸ்டரை வைத்தால் ஃபேஸில் மட்டும்தான் எரியும், ஏனென்றால் நியூட்ரலைப் பூமியோடு இணைத்திருப்பார்கள். கப்பலுக்கு ஏது பூமி? அதன் பூமி அந்த இரும்பு உடம்புதான். பல கப்பல்களில் இரண்டு கம்பியையும் அந்த உடம்போடு இணைக்காமலே விட்டிருப்பார்கள். ஒரு கம்பி எங்கேயாவது இரும்பில் பட்டுவிட்டால்கூடக் கரண்ட் சட்டென்று போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆக, அங்கே இரண்டு கம்பியிலும் உயிர் இருக்கும்.

இப்போது நாம் கடையில் வாங்குகிற சர்ஜ் புரொடக்டர் வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வருவோம். கோளாறு வந்தால் அதிலுள்ள பிரேக்கர் ஒரு கம்பியைத்தான் வெட்டும். வீட்டில் அது போதும். கப்பலில் மற்ற கம்பி உயிரோடு அப்படியே இருக்கும். பாக்ஸ் அணைந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள், அது உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 2013-லேயே அமெரிக்கக் கடலோரக் காவல் படை இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. என் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படிப்பட்ட பாக்ஸ்தான். மற்றவனுக்கு வயரிங் சொல்லித் தருகிற மகாராசன் நான்!

கெட்டிலுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர். வீட்டில் சின்ன சாக்கெட்டுக்கே 6 ஆம்பியர்தான் கணக்கு. அதே கெட்டிலை 110 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் வோல்ட் பாதி, சூடு கால்வாசிதான். பத்து நிமிஷம் ஆகியும் கொதிக்காது. நம்ம ஆள் என்ன செய்வார்? "சரி, கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டு டெக்கில் பாட்டுக் கச்சேரி பார்க்கப் போய்விடுவார்.

"என் கெட்டில் புதுசு சார், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு" என்று மாட்டுங்காக்காரர் சொன்னார். இருக்கலாம். 800 கேபின் உள்ள கப்பலில் எது புதுசு, எது டேப் சுற்றிய வயர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியுமா? அதனால்தான் எல்லோருக்கும் ஒரே வெட்டு. செல்போன் சார்ஜர் 20 வாட், அதற்குத் தடை இல்லை. சூடு உண்டாக்குகிற சாமான் எதுவும் வேண்டாம். விதி முரட்டுத்தனமானதுதான், ஆனால் நியாயமானது.

சரி, தப்பு எங்கே என்கிறீர்களா? இரண்டாம் ராத்திரி தெரிந்தது.

மணி ரெண்டு இருக்கும். அம்மாவுக்கு இருமல், கூடவே இழுப்பு. நெபுலைசர் வைத்தும் நெஞ்சு இளகவில்லை. "கொஞ்சம் வெந்நி கிடைச்சா போதும்ல" என்றாள். கேபினில் வெந்நீர் இல்லை. போனை எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்போது அம்மா மெதுவாகத் தன் பையைத் திறந்து, சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ஹீட்டர் ராடு! சோதனையில் எப்படித் தப்பியது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"ஒரு டம்ளர் தண்ணிதான. ரெண்டு நிமிஷம்" என்றாள்.

பெற்றவள் மூச்சுவிடச் சிரமப்படுகிறாள். கையில் ராடு. எதிரே சாக்கெட். யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் செருகவில்லை. ஏன் என்று சொல்ல 2008-க்குப் போகவேண்டும்.

அப்போது மான்குர்த் மகாராஷ்டிரா நகரில் ஒரு சால் வீட்டில் நாலு பேர் தங்கியிருந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரே ஒரு ஸ்விட்ச் போர்டு, அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில்தான் டிவி, ஃபேன், அடுப்பு எல்லாம். ஒரு காலையில் வாளியில் ராடைப் போட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. வெதுவெதுப்பாக இருந்த தண்ணீரை வேறு வாளியில் கொட்டிக் குளித்தேன். ராடு காலி வாளிக்குள்ளேயே கிடந்தது. ஸ்விட்சை அணைக்காமல் லோக்கலைப் பிடிக்க ஓடிவிட்டேன். அப்புறம் கரண்ட் வந்தது. பிளாஸ்டிக் வாளி உருகி, பக்கத்தில் சுருட்டி வைத்த பாய் பிடித்து எரிந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்த நண்பன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு மராட்டி மாவ்ஷி புகையைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். நாலு பேர் கதவை உடைத்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். அந்தச் சந்துக்குள் தீயணைப்பு வண்டி வரவே முடியாது, குடத்துத் தண்ணீரும் மண்ணும்தான் தீயை அணைத்தது. நண்பனின் இடது கையில் முழங்கை வரை தழும்பு. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது பெரிய புண்ணியம்.

அந்த நண்பன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரி நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு நாலு மாடி ஏறினேன். ஒரு மூலையில் டீ கவுண்டர் திறந்திருந்தது. அங்கே இருந்த மணிப்பூர்ப் பையன் கேட்காமலே ரெண்டு இஞ்சித் துண்டையும் போட்டுக் கொடுத்தான். அம்மா குடித்துவிட்டுத் தூங்கினாள். ராடைக் காலையில் வரவேற்பில் ஒப்படைத்தேன். முறைத்துவிட்டு இன்னொரு ரசீது கொடுத்தார்கள்.

என் குறை இதுதான். அந்த டீ கவுண்டர் விடிய விடியத் திறந்திருக்கும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஒரு வெந்நீர்க் குழாய் வைத்தால் என்ன குறைந்துபோகும்? வயசானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வருகிற கப்பல்தானே. சாமானைப் பிடுங்குகிறவர் "தீப்பிடிக்கும் அம்மா, வெந்நீர் மேலே கிடைக்கும்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அம்மா அந்த ராடைத் தானே எடுத்துக் கொடுத்திருப்பாள். காரணம் சொல்லாத விதியைத்தான் ஜனங்கள் சேலை மடிப்பில் ஒளித்துக்கொண்டு தாண்டுகிறார்கள்.

ரயிலிலும் இதே கதைதான். 2025 நவம்பரில் ஓடுகிற ரயிலில் ஒரு பெண்மணி கெட்டிலில் நூடுல்ஸ் செய்த வீடியோ பரவியது. ரயிலில் கெட்டில் கூடவே கூடாது என்று மத்திய ரயில்வே எச்சரித்தது. சரியான எச்சரிக்கை. கூடவே ராத்திரியில் வெந்நீர் எங்கே கிடைக்கும் என்றும் சொன்னால் பாதிக் கெட்டில் வீட்டிலேயே தங்கிவிடும்.

ஊர் திரும்பிய அன்று என் வீட்டு சமையலறை போர்டை நின்று பார்த்தேன். ஒரே எக்ஸ்டென்ஷனில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் ஃபில்டர், அதன் தலையில் கெட்டில். ஏழாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, கீழே வரிசையாக நிற்கிற பைக்கைத் தாண்டி எந்த வண்டியும் உள்ளே வராது. மும்பையில் நம்மில் பாதிப்பேர் குடியிருப்பது கேபினில்தான், தண்ணீரில் மிதக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாளே கெட்டிலுக்குத் தனியாக 16 ஆம்பியர் சாக்கெட் போட்டேன். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டினேன். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் இத்தனை வருஷம் இதைச் செய்யவில்லை என்பது வெட்கக்கேடு.

கப்பலில் கொடுத்த ராடையும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வந்திருந்தோம். அதைத் தூக்கிப் போடப் போனேன். "அது நல்லாத்தானல இருக்கு, ஊர்ல எனக்கு ஆகும்" என்றாள் அம்மா. ராடின் வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.