விசைப்பலகையின் துயில்

சென்ற தவணையில் மாணவன் ஒருவன் கணினியில் எழுதிக் கொணர்ந்த கட்டுரையிலே ‘அறம்’ என்னுஞ் சொல் ‘றம்’ என நின்றது. றகரம் மொழிக்கு முதலாகாதென்பதைக் கீழ்வகுப்பிலேயே கற்றவன் இவ்வாறு எழுதலாமோ என்று கடிந்துகொண்டேன். மீளப் படித்துத் திருத்தாமை அவன் குற்றந்தான். எழுத்தை விழுங்கியது அவனன்று. அவனுடைய மடிக்கணினியோடு தனியே செருகியிருந்த விசைப்பலகையில் யானே எழுதிப் பார்த்தேன். சற்று நின்று சிந்தித்து மீண்டும் தொடங்கிய இடந்தோறும் முதலெழுத்து மறைந்தது.

மின்கலம் நீடிக்கவேண்டி, செருகிய கருவிகள் யாவும் தாமே துயிலுமாறு அவன் லினக்ஸ் இயங்குதளத்தில் அமைத்திருந்தான். 1996இல் வெளிவந்த யூ.எஸ்.பி. விதிகளிலேயே இத்துயிலுக்கு இடமுண்டு: இணைப்பில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரம் யாதொரு சலனமும் இல்லையெனிற் கருவி அடங்கவேண்டும். இணைப்பை எப்பொழுது அடக்குவதென்பதை இயங்குதளமே தீர்மானிக்கும். லினக்சில் வழக்கமான காத்திருப்பு 2 செக்கன். ஒரு விசையை அழுத்தக் கருவி விழித்துக்கொள்ளும். ஆனாற் சில விசைப்பலகைகள் தம்மை எழுப்பிய அவ்வெழுத்தையே அனுப்பத் தவறுகின்றன. சில சுட்டிகளோ அசைத்தால் விழியா. பொத்தானை அழுத்தினாலே விழிக்கும்.

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டையுங் கண்ட நாம் சிக்கனத்தைப் பழித்தல் தகாது. படப்பிடிக் கருவியும் கைரேகை பார்க்குங் கருவியும் வேலையற்ற பொழுதில் உறங்கட்டும். ஆயின் விசைப்பலகை ஓய்ந்திருத்தல் வேறு, எழுதுவோன் ஓய்ந்திருத்தல் வேறன்றோ? சொல்லைத் தேடி நிற்பவனுக்கு இரண்டு செக்கன் ஒரு பொழுதாகுமா? நில்லாது தட்டிச் செல்பவனுக்கு இத்தொல்லை இல்லை. நின்று நினைப்பவனே எழுத்தை இழக்கிறான். இதனை யான் நல்ல சிக்கனம் என்னேன்.

லினக்ஸ் ஆக்கியோர் இதனை அறிந்தே, இணைப்புகளைப் பெருக்குங் கருவிகளுக்கு மாத்திரம் துயிலை இயல்பாக வைத்து, ஏனையவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்துவோர் விருப்பிற்கு விட்டனர். அதுவே முறை. எல்லாவற்றையும் ஒருசேர உறங்கவைத்தது நம் மாணவனின் அவசரம்.

விசைப்பலகைக்கு மாத்திரம் அவ்வனுமதியை நீக்கினோம், எழுத்துகள் மீண்டன. குறைத்த இரண்டு புள்ளிகளையும் அவனுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.