சோடியம் குறைஞ்சா உப்பு அள்ளிப் போட்டால் சரியாகுமா?

ஐசியு வாசலில் நிற்கும் மகனிடம் டாக்டர் சொல்கிறார்: "அப்பாவுக்கு சோடியம் 118தான் இருக்கு." மகன் கேட்கும் முதல் கேள்வி: "உப்பு கம்மியா சாப்பிட்டதாலயா சார்?"

பெரும்பாலும் இல்லை. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். அது குறைந்தால், உடம்பில் உப்பை விட தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றே பல நேரம் அர்த்தம். இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு, நிமோனியா, சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் சில பிபி மாத்திரைகள் எல்லாம் காரணமாகலாம். மூளை செல்கள் வீங்கி குழப்பம், வலிப்பு, கோமா வரை போகும். 145-ஐத் தாண்டினாலும் ஆபத்துதான்; அது தண்ணீர் பற்றாக்குறை. தாகத்தைச் சொல்ல முடியாத முதியவர்களும் வென்டிலேட்டரில் இருப்பவர்களும் இதில் சிக்குவார்கள்.

ஐசியு நோயாளிகளில் சோடியம் கூடினாலும் குறைந்தாலும் இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பல நேரம் அந்த எண், உள்ளே இருக்கும் பெரிய நோயின் அடையாளம்தான். எண்ணை மட்டும் ஏத்திட்டா ஆள் பிழைச்சிடுவார் என்பதில்லை. நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகளின் உறையே சேதமாகும். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைதான் உயர விடுகிறார்கள். "இன்னும் ஏறலையே" என்று சண்டை போட வேண்டாம்; அந்த நிதானமே வைத்தியம்.

சரி, ஐசியு வரை போகாமல் தடுக்க முடியாதா? ஓசூர் - ராயக்கோட்டை சாலையில் உள்ள உத்தனப்பள்ளி வட்டாரத்தில் பிள்ளைகள் ஷிப்டுக்குப் போனால் வீட்டில் இருப்பது பெரியவர்கள்தான். தாத்தா தடுமாறினால் "வயசாச்சு" என்று விட்டுவிடுவது சுலபம். இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிபி மாத்திரை வீட்டுக்கே வருவது பெரிய விஷயம். அடுத்த படியாக, சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை சாப்பிடும் 60 வயது தாண்டியவர்களுக்கு சோடியம் பரிசோதனையும் தவறாமல் நடக்க வேண்டும். எல்லோருக்கும் தேவையில்லை, இவர்களுக்கு மட்டும் போதும். ஐசியுவின் ஒரு நாள் செலவோடு ஒப்பிட்டால் அந்த டெஸ்ட்டுக்கு ஆகும் காசு ரொம்பக் குறைவு.

வீட்டில் செய்ய வேண்டியது: மாத்திரையை தானாக நிறுத்தக் கூடாது, சோற்றில் உப்பை அள்ளிப் போடவும் கூடாது. பெரியவர் திடீரென குழம்பிப் பேசினால், மாத்திரை அட்டையை கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.