சொல்லை எடுத்துக்கொண்டு புத்தகத்தை விட்டவர்கள்

‘கண்ணிய அரசியல்’ என்பது இன்றைய அமெரிக்க விவாதங்களில் பெரும்பாலும் ஒரு வசவு. கறுப்பினப் பெரியவர் ஒருவர் தன் இனத்துப் பிள்ளைகளிடம் ‘ஒழுங்கா உடுத்து, ஒழுங்காப் பேசு’ என்று சொன்னால் போதும், இந்தச் சொல்லைத் தூக்கி அவர் முகத்தில் எறிகிறார்கள். வெள்ளைக்காரனுக்குக் கும்பிடு போடுகிறவர் என்று பொருள். சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வரலாற்றாசிரியர் எவலின் ப்ரூக்ஸ் ஹிக்கின்பாதம் 1993இல் வெளியிட்ட ‘ரைட்டியஸ் டிஸ்கன்டென்ட்’ நூலிலிருந்து. 1880 முதல் 1920 வரை கறுப்பின பாப்டிஸ்ட் திருச்சபைப் பெண்கள் நடத்திய இயக்கத்தின் கதை அது. அவர்களை அவர் தெய்வமாக்கவும் இல்லை, கூண்டில் ஏற்றவும் இல்லை. எனக்கு அந்த நூல்மீது மதிப்பு அதனால்தான்.

1900, வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரம். தேசிய பாப்டிஸ்ட் மாநாட்டில் நானி ஹெலன் பரோஸ் என்ற இளம்பெண் எழுந்து, உதவ வரும் சகோதரிகளுக்கு எப்படி முட்டுக்கட்டை போடுகிறார்கள் என்று பேசினார். யார்மேல் புகாரோ அவர்களிடமே புகார்! அந்த ஆண்டே பெண்களுக்குத் தனி அமைப்பு உருவானது. 1909இல் வாஷிங்டனில் பரோஸ் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். கறுப்பின மக்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த காசு அதைத் தாங்கியது.

இதே பெண்கள்தான் ஏழைப் பெண்களிடம் போய் ‘குளி, வீட்டைப் பெருக்கு, தெருவில் சத்தம் போடாதே’ என்று உபதேசமும் செய்தார்கள். பைபிள், குளியல், துடைப்பம் என்பதே அந்தப் பள்ளியின் முழக்கம். அதிலிருந்த மேட்டிமைத்தனத்தை ஹிக்கின்பாதம் மறைக்கவில்லை. ஆனால் அந்த அமைப்பேதான் கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொன்ற கொடுமையைக் கண்டித்தது, ரயிலில் தனிப்பெட்டி வைத்த சட்டத்தை எதிர்த்தது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டது. கறுப்புப் பெண் என்றாலே ஒழுக்கங்கெட்டவள் என்று வெள்ளைச் சமூகம் எழுதிவைத்திருந்த காலத்தில், ‘எனக்கும் மானம் உண்டு’ என்று சொல்வதா கும்பிடு?

இரண்டு தரப்பையும் கேட்கிறேன். மதம் என்றாலே அடிமைப்புத்தி என்று ஒரே வரியில் முடிப்பவர்களே, தென்மாநிலங்களில் வாக்குரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகம் கூட்டம் கூடவும் பணம் சேர்க்கவும் இத்தனை பெரிய கூரை வேறெங்கே இருந்தது? சபையை வாயாரப் புகழ்பவர்களே, அந்தக் கூரைக்கடியில் பெண்ணைப் பிரசங்க மேடை ஏறவிடாமல் தடுத்தது யார்?

இரண்டில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர், அந்தச் சொல்லில் பாதியைத்தான் கையில் வைத்திருக்கிறார். மீதிப் பாதி ஹிக்கின்பாதம் எழுதிய பக்கங்களில் இன்னும் இருக்கிறது. முதலில் அதைப் படிங்க, அப்புறம் திட்டுங்க.