சோதனை யாருக்கு? வீட்டுக்கா, குடியிருப்பவருக்கா?

ஓசூரில் வாடகை வீட்டுக் கதவைத் தட்டும் அதிகாரி முதலில் கேட்பது என்ன?

"எத்தனை பேர் இருக்கீங்க? எந்த ஊர்? ஆதார் எங்கே?"

கக்கூஸ் எத்தனை, வயரிங் சரியா, குடிதண்ணீர் வருதா என்ற கேள்விகள் வருவது அபூர்வம்!

சோதனை என்றால் இரண்டையும் பார்க்க வேண்டாமா?

1970-களில் இங்கே சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஆலை. பின்னால் டைட்டன். இப்போது செல்போன் பாகம் செய்யும் ஆலை. பிழைப்பு தேடி வந்தவர்களால் ஊர் பெருத்தது. 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது.

வந்தவர்களுக்குக் கிடைத்தது லைன் வீடு. ஒரே ரூமில் 6 பேர். நைட் ஷிப்டு முடித்து ஒருவர் வரும்போது இன்னொருவர் பாயை விட்டு எழுகிறார்.

போலீசுக்குக் காரணம் உண்டு

ஆளை விசாரிப்பதே தப்பு என்று நாம் சொல்லவில்லை.

2021 ஜனவரியில் பாகலூர் ரோட்டில் ஒரு நிதி நிறுவனத்தில் பட்டப்பகலில் துப்பாக்கியைக் காட்டி சுமார் 25 கிலோ நகையை அள்ளினார்கள். மறுநாள் ஐதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம். எல்லை ஊரில் போலீசார் உஷாராக இருக்கத்தான் வேண்டும்.

சென்னை வேளச்சேரியில் 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட 5 பேர் வாடகை வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குடியிருப்பவர் விவரத்தை போலீசில் கொடுக்கவேண்டும் என்ற கெடுபிடி அதற்குப் பிறகுதான் இறுகியது.

சரி, விவரம் கொடுத்தாகிவிட்டது. வீட்டின் விவரத்தை யார் கேட்பது?

சட்டம் தூங்குகிறது

ஒரே வீட்டில் அளவுக்கு மீறி ஆட்களை அடைக்கக்கூடாது என்று 1939-ம் வருட பொது சுகாதாரச் சட்டமே சொல்கிறது.

பொள்ளாச்சி விடுதியில் 2014-ல் சிறுமிகளுக்குக் கொடுமை நடந்தது. பெண்கள் விடுதிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்று அந்த வருடமே தனிச் சட்டம் வந்தது.

இருந்தும் என்ன? 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த நாகமங்கலம் பக்கம், பெண் தொழிலாளர் விடுதிக் குளியலறையில் ரகசிய கேமரா சிக்கியது. பெண்கள் திரண்டு போராடினார்கள். பிறகு கைது, விசாரணை, சோதனை எல்லாம் நடந்தது.

கத்தினால்தான் சோதனையா?

பெட்டியைத் தூக்குவது யார்?

சோதனை வந்தாலும் ஏழைக்கு நிம்மதி இல்லை. "நெருக்கடி அதிகம், காலி செய்" என்று உத்தரவு வந்தால் பெட்டியைத் தூக்குவது வாடகை கொடுத்தவர்தான். ரூமுக்கு 6 பேரைத் திணித்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கியவர், அடுத்த மாதம் வேறு 6 பேரை வைத்துக்கொள்வார்!

தப்பு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு. இதுதான் அநியாயம்.

2017-ம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுதிப் பதியவேண்டும். வீட்டுக்காரரே உள்ளே வருவதானாலும் 24 மணி நேரம் முன்னால் நோட்டீசு தரவேண்டும். தண்ணீர், கரண்டை நிறுத்தக்கூடாது.

ஆனால் வாய்ப்பேச்சில் குடியேறியவர் எதைக் காட்டி முறையிடுவார்? வாய் திறந்தால் "காலி பண்ணு" என்பதுதானே பதில்!

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் காமரா என்பவர் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தார். வாரண்டு இல்லாமல் வந்த இன்ஸ்பெக்டரை உள்ளே விடவில்லை. அவர்மேல் வழக்கு பாய்ந்தது. 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு: சோதனை செய்ய நகரத்துக்கு உரிமை உண்டு. ஆனால் குடியிருப்பவர் சம்மதிக்காவிட்டால், அவசர ஆபத்து தவிர மற்ற நேரத்தில், வாரண்டு வேண்டும்.

வாடகைக்கு இருந்தாலும் அது அவர் வீடு!

என்ன செய்யவேண்டும்?

வார்டு வாரியாக வீட்டைச் சோதியுங்கள். முன்கூட்டியே தேதி சொல்லுங்கள். குறை இருந்தால் வீட்டுக்காரருக்கு நோட்டீசு கொடுங்கள். இடிந்து விழும் நிலையில் இல்லாத வீட்டில், குடியிருப்பவரை வெளியே தள்ளாமல் பழுதுபாருங்கள்.

வீட்டுக்காரர் எல்லோரும் பணமுதலை அல்ல. பி.எப். பணத்தைப் போட்டு மூன்று போர்ஷன் கட்டியவருக்குப் பழுதுபார்க்க அவகாசம் கொடுங்கள். ஆனால் 40 ரூம் கட்டி வசூல் செய்பவரைப் பார்த்துச் சலாம் போட்டுவிட்டுப் போகாதீர்கள். விதி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

புகார் கொடுத்தவரைக் காலி செய்யச் சொன்னால் அதையும் விசாரியுங்கள்.

ஆதார் அட்டையை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் கக்கூஸ் ஒன்று கூடிவிடாது!

மாநகராட்சி கமிஷனரும் மாவட்டக் கலெக்டரும் கவனிப்பார்களா?