ஆஃப்செட்டைக் குறைத்தால் உரசல் நின்றுவிடுமா?

“டயர் உரசுதா? ஆஃப்செட் கம்மியா ஒரு வீல் மாத்துங்க, சரியாயிடும்.” ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கூடுமிடத்தில் இந்த வைத்தியம் கேட்காமலே கிடைக்கும். எங்கே உரசுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஹப்பில் போய் அமரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அந்த எண் குறைந்தால் வீல் வெளியே வரும். ஆனால் ரிம்மின் அகலம் மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பெரிய வீல் மாட்டுகிறவர்களில் எத்தனை பேர் பழைய அகலத்திலேயே நிற்கிறார்கள்?

1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐ எடுத்துக்கொள்வோம். கம்பெனி ரிம் 14 அங்குல விட்டம், 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 45. இதற்கு இன்று பலரும் போடுவது 15 அங்குல ரிம். அதில் 8 அங்குல அகலம், ஆஃப்செட் 25 என்று ஒன்று. 9 அங்குல அகலம், ஆஃப்செட் 36 என்று இன்னொன்று. பொதுக்கருத்துப்படி 36 உள்ளே ஒடுங்கியிருக்க வேண்டும், 25 வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் ஹப் முகத்திலிருந்து முதல் ரிம்மின் வெளி ஓரம் 76.6 மி.மீ., இரண்டாவதன் வெளி ஓரம் 78.3 மி.மீ. ‘உள்ளே இருக்க வேண்டிய’ ரிம்தான் ஒரு நூலளவு கூடுதலாக வெளியே நிற்கிறது! உள் ஓரத்திலோ அதே ரிம் மற்றதைவிட சுமார் 24 மி.மீ. சஸ்பென்ஷன் பக்கம் நுழைகிறது. அகலம் ஒரு அங்குலம் கூடினால் பக்கத்துக்கு 12.7 மி.மீ. போய்விடுகிறது, அவ்வளவுதான் விஷயம். அகலத்தைச் சொல்லாமல் ஆஃப்செட்டை மட்டும் சொல்பவர் பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்.

சரி, அகலம் மாறவில்லை என்றே வைப்போம். ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே டயரின் உள் பக்கம் ஸ்ட்ரட்டையோ ஸ்பிரிங்கையோ தொடுகிறதா? அப்போது ஆஃப்செட்டை 5 மி.மீ. குறைக்கச் சொல்வது சரியான யோசனை. அதில் எனக்குச் சண்டை இல்லை. மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளைச் சீவுகிறது என்றால் அதே யோசனை உரசலை அதிகமாக்கும். முழுக்க ஒடிக்கும்போது மட்டும் லைனரில் உரசுவது மூன்றாவது வகை, பலரும் ஏமாறும் இடம் அதுதான். வீல் வெளியே வர வர, திரும்பும் அச்சிலிருந்து அது விலகுகிறது. ஒடிக்கும்போது டயர் இன்னும் பெரிய வட்டம் போட்டு லைனரின் முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ தேடிப்போய் உரசும். கூடவே மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் கையை இழுக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும்.

எந்த வகை என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டயரின் இரண்டு தோள்களிலும் சாக்பீஸைத் தடவி, வேகத்தடை ஒன்றில் ஏற்றி இறக்கி, காலி மைதானத்தில் இரு பக்கமும் முழுக்க ஒடித்துவிட்டு வாருங்கள். உரசிய இடத்தில் சாக்பீஸ் அழிந்திருக்கும், எதிரே லைனரில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பழைய உரசலாக இருந்தால் அந்த இடம் ஏற்கெனவே பளபளவென்று தேய்ந்திருக்கும்.

“வீல் எதற்கு, ஸ்பேசர் போதும்” என்பது அடுத்த வாதம். எண்ணளவில் சரிதான்: 45 ஆஃப்செட்டில் 5 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 40. ஆனால் ஸ்பேசரின் கனம் அளவுக்கு நட் பிடிக்கும் மரை குறைகிறது. எம்எக்ஸ்-5-ன் 12 மி.மீ. ஸ்டட்டில் குறைந்தது 12 மி.மீ. மரையாவது பிடிக்க வேண்டும். அதாவது நட் எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். ஹப்பின் நடுவில் துருத்தும் வளையத்தையும் ஸ்பேசர் விழுங்கிவிட்டால், வீலை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் நட்டுகளின் தலையில் விழுகிறது.

“என் வண்டியில 205 டயரும் இதே ஆஃப்செட்டும் உரசவே இல்லையே” என்பார் நண்பர். உண்மையாகவே இருக்கலாம். 205 என்று அச்சிட்ட இரண்டு கம்பெனி டயர்களுக்குத் தோள் ஒரே மாதிரி இருக்காது. ரேஸ் டயரின் தோள் சதுரமாக நிற்கும், சாதாரண டயரில் வளைந்து மடங்கும். எம்எக்ஸ்-5-ல் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். வண்டி அமுங்கும்போது டயரின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து மட்கார்டுக்கு வழிவிடும். டொயோட்டா 86-ன் முன்பக்க மெக்பெர்சன் ஸ்ட்ரட் அந்த அளவுக்குச் சாயாது. அதனால் ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றுக்குக் கடன் வாங்க முடியாது.

கடைசியாக, குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தியவர்கள். டயர் மேலே போய் இடிக்கிறது என்றால் பிரச்சினை உயரத்தில். கம்பெனி கொடுத்த 185/60-14 டயரைவிட 205/50-15 டயர் விட்டத்தில் சுமார் 8 மி.மீ. பெரியது, தாழ்த்திய வண்டியில் அந்த 4 மி.மீ. ஆரமே இடிப்பதற்குப் போதும். அதற்கு வேண்டியது 195/50-15 டயரோ, நீளமான பம்ப் ஸ்டாப்போ. புது வீல் வாங்கும் காசில் இரண்டையுமே வாங்கலாம்.